நூற்றைந்து டிகிரிக்கு மேல்

பிப்ரவரி 8 — 180
ஜூன் 19 — 450
ஜூலை 3 — 65
ஆகஸ்ட் 30 — 2,300
ஆகஸ்ட் 30 — 0

ஐந்து வரிகளும் ஒரே காரின் செலவு. பதினேழு வயதான டீசல் கார். உடம்பெல்லாம் சாம்பல் நிறம்; பின்கதவு வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியதால் அது மட்டும் வெள்ளை. முதல் தொகையை வாங்கியவர் டர்போ. அதே வேலைக்கு மற்றவர்களிடம் முந்நூறு வாங்குவார். இது தங்கை வீட்டுக்காரரின் வண்டி என்பதால் சாமான் விலையோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது தொகை, பெரிய சாலையில் கண்ணாடி முகப்பு வைத்த கடைக்குப் போனது. மூன்றாவது, மலைப்பாதையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்தவருக்கு. கடைசி இரண்டும் என்னவென்று போகப்போகத் தெரியும்.

டர்போ என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள். டர்போ, அதாவது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி, உள்ள வண்டியில் மிதியை அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு ஒரேயடியாக முதுகைப் பிடித்துத் தள்ளும். அவருடைய கோபமும் அப்படித்தான் வரும். யாராவது எக்குத்தப்பாக ஏதாவது சொன்னால் முதலில் பேசாமல் பார்ப்பார். தெரியாதவர்கள் அதைப் பொறுமை என்று நினைத்து இன்னொரு வார்த்தையும் சொல்லிவிடுவார்கள். தெரிந்தவர்கள் அந்த இடைவெளியிலேயே வெளியே நழுவிவிடுவார்கள்.

டிப்போவில் அவர் டீசல் பம்ப் சோதிக்கும் பிரிவில் இருந்தார். ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, சோதனை எல்லாம் வேண்டாம், சீல் குத்தி அனுப்புங்கள், காலையில் பஸ் கிளம்ப வேண்டும் என்றார். டர்போ சீல் குத்தும் இடுக்கியைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார். மேஜைக் கண்ணாடி இரண்டாகப் போனது. வேலையும் அன்றே போனது.

அதன்பிறகு டயர் கடைக்குப் பின்னால், இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். டீசல் வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு நாற்பது வயது. ஒரு வருடம் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்தார். அடுத்த இரண்டு வருடம் அதைப் படித்தார். உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி. என்ஜின் என்ன வேகத்தில் சுற்றும்போது எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்று உள்ளே கட்டம் கட்டமாக எண்கள். கம்பெனி எல்லா வண்டிக்கும் பொதுவாகப் போட்டு அனுப்பியவை. அவற்றை மடிக்கணினியில் இறக்கி, அந்த ஒரு வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி திருத்தி, மறுபடி பெட்டிக்குள் எழுதுவதுதான் டியூனிங். சக்தி கூடும், இழுவை கூடும். அளவு தெரியாமல் கூட்டினால் என்ஜின் எரியும்.

கரும்புகையைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். புகை என்பது எரியாத டீசல். எரியாத டீசல் என்பது எண் போட்டவனின் முட்டாள்தனம். இது அவருடைய கட்சி. ஆனால் வருகிற இளவட்டங்களில் பாதிப்பேருக்குப் புகைதான் வேண்டும்.

"அண்ணே, பின்னாடி வர்றவன் கண்ணே தெரியக் கூடாது, அந்த மாதிரி போட்டுக் குடுங்க."

"அவ்வளவுதானே? நாலு பழைய டயரைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போய்க் கொளுத்து. முன்கடையில சும்மாவே தருவாரு."

என்ஜின் கம்ப்யூட்டரில் கைவைக்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வாகனப் பரிசோதனை அலுவலகம் விதி கொண்டுவந்த நாளில், வாசல் திறக்குமுன் போய் நின்றார். அவருக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். பதிவு எண் நான்கு கிடைத்தது. அந்த மூன்று பேரும் இப்போது தொழிலிலேயே இல்லை. அதற்காகவும் அவர்கள்மேல் கோபம் உண்டு: போகிறவர்கள் எதற்கு முன்னால் நின்றார்கள்?

தங்கை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தாய் தகப்பன் போனபின் வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். அவள் கணவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மருந்துப் பெட்டிகளும் உதிரி சாமான்களும் ஏற்றிப்போய்ப் பிழைப்பவர். நல்ல மனிதர். ஆனால் எதைக் கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்பார். குழம்பிலிருந்து குதிரைத்திறன் வரை.

பிப்ரவரி 8 அன்று அந்த வண்டியை மலையடிவாரத்து ஏற்றத்தில் வைத்துச் சோதித்தார்கள். மாப்பிள்ளை ஓட்ட, டர்போ மடியில் கணினியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனைக்கு என்று அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரேடியேட்டர் தண்ணீரின் சூடு நூற்றைந்து டிகிரியைத் தாண்டினால், டீசலைப் படிப்படியாக வெட்டி என்ஜினைக் காப்பாற்றுகிற ஒரு வரிசை எண்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஓட்டத்தின் நடுவில் அது புகுந்து வெட்டிவிட்டால் ஓர் அளவை இன்னோர் அளவோடு ஒப்பிட முடியாது. அதனால் சோதனை முடியும்வரை அந்த வரிசை முழுவதையும் நூறு சதவீதம், அதாவது வெட்டே இல்லை, என்று சமமாக்கிவைத்து, சூட்டைத் தன் கண்ணால் பார்த்துக்கொள்வார். எல்லாம் முடிந்தபின் பழையபடி மாற்றி எழுதிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

நான்காவது ஓட்டம் முடிந்து கொட்டகைக்குத் திரும்பினார்கள். கேபிள் இன்னும் மாட்டியிருந்தது; எண்களைத் திருப்பி எழுதுவதற்காக டர்போ பாட்டரி சார்ஜரையும் மாட்டினார்.

"மச்சான், பட்டையைக் கிளப்புது! மூணாவது கியர்லயே ஏறிடுச்சே. இன்னும் கொஞ்சம் ஏத்திடுங்க."

"போதும் மாப்ள. இதுக்கு மேல டர்போ தாங்காது."

"எந்த டர்போ? வண்டியில இருக்கிறதா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறதா?"

டர்போ சிரிக்கவில்லை. "பதினேழு வருஷ என்ஜின். கல்யாணத்தப்ப ஒரு மூட்டையைத் தூக்கிட்டு மாடி ஏறினீங்க. இப்ப ஏறுவீங்களா?"

"என் ஃப்ரெண்டும் இதே வண்டிதான் வச்சிருக்கான். பெரிய ரோட்டுக் கடையில போட்டது. சும்மா பறக்குது."

"அப்ப அங்கயே போங்க."

"அட, கோவிச்சுக்காதீங்க மச்சான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டர்போ கேபிளைப் பிடுங்கினார். சார்ஜர் கவ்விகளைப் பிடுங்கினார். பானெட்டை அவர் அறைந்த அறையில் டயர் கடைக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தெரியலையா? எனக்கா தெரியல? ஊர்ல இருக்கிற அத்தனை பம்ப்பையும் பல்லால கடிச்சுச் சரி பண்ணவன் நான்! எடுத்துட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வண்டியைக் கொண்டு வந்தீங்க, மரியாதை கெட்டுடும். சாப்பாட்டுக்கு நானே வீட்டுக்கு வந்துக்கிறேன்."

சாவி ஓட்டுநர் இருக்கையில் விழுந்தது. கார் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடப் போனார். இருவரும் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள்.

ஜூன் 19 அன்று மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் பெரிய சாலைக் கடைக்குப் போனார். அங்கே கறுப்புக் கையுறை, சுவரளவு திரை, காத்திருப்பவர்களுக்குக் காபி. ஏற்கெனவே இருந்த எண்களின்மேல் இருபது சதவீதம் ஏற்றிக்கொடுத்தார்கள். வண்டி பறந்தது. இரண்டு வாரம் பறந்தது.

ஜூலை 3, நல்ல உச்சிவெயில், வண்டி நிறையப் பெட்டிகள். மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு முன் சூட்டுமுள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை நிறுத்த இடம் தேடினார். இடம் கிடைக்குமுன் ஒரு சத்தம், பின்னால் ஒரே வெண்புகை. இரண்டாவது பிஸ்டனில் விரல் நுழைகிற ஓட்டை.

கண்ணாடி முகப்புக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "இது ஏற்கெனவே யாரோ நோண்டின வண்டி சார். அவங்க போட்ட எண்ணுதான் எரிச்சிருக்கு. நாங்க மேல லேசா பாலிஷ் போட்ட மாதிரிதான்." கேட்டதும் அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை அந்தத் தாளோடு கொட்டகைக்கு வந்தார்.

அன்று டர்போவுக்கு அந்த ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"பாலிஷா? பாலிஷ் போட்டா பிஸ்டன்ல ஓட்டை விழுமா? அவன் என்ன செருப்புக்கா பாலிஷ் போட்டான்? அவன் எழுதிக் குடுத்தானாம், இவர் தூக்கிட்டு வந்தாராம்!"

"கத்தாதீங்க மச்சான். வண்டி இல்லைன்னா என் வீட்ல அடுப்பு எரியாது. யாரோ ஒருத்தர் பதில் சொல்லணும் இல்ல?"

"சொல்ல வைக்கிறேன். அவன் கடைக்குப் பூட்டுப் போட வைக்கலைன்னா என்னை டர்போன்னு கூப்பிடாதீங்க."

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை அலுவலகத்தில் நான்கு பக்கப் புகார் கொடுத்தார். அந்த என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களை எல்லோர் முன்னிலையிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். கெடுத்தவரின் பதிவை ரத்துசெய்ய வேண்டும். புகாரை வாங்கிய அலுவலர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஒரு தடவை புகாரைப் பதிவு பண்ணிட்டா நடுவுல திருப்பி வாங்க முடியாது. யார் தப்புன்னு வந்தாலும் அவங்களுக்கு இந்தத் தொழில் போயிடும். பரவாயில்லையா?"

"அதுக்குத்தானேம்மா நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

ஜூலை 24 அன்று அலுவலகத்தின் பின்னறையில் கூடினார்கள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. நீள மேஜையின் நடுவில் அந்த அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் அலுவலர் அம்மா. எதிரில் கண்ணாடிக் கடைக்காரர், கையுறை இல்லாமல். வண்டி தங்கையின் பெயரில் இருந்ததால் அவளும் வந்திருந்தாள். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பெட்டிக்குள் இருந்ததைக் கணினியில் இறக்கும் வேலையை டர்போவே செய்தார். எண்கள் சுவர்த்திரையில் வந்தன. டீசல் அட்டவணை முழுக்க, இடம் பொருள் பார்க்காமல், ஒரே மாதிரி இருபது சதவீதம் ஏற்றியிருந்தது. புகைக் கட்டுப்பாடு அடியோடு எடுக்கப்பட்டிருந்தது.

"இது நீங்க போட்டதா?" அலுவலர் அம்மா கேட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் நெளிந்தார். "ரெடியா வர்ற ஃபைல்தான் மேடம். கஸ்டமர்தான் இன்னும் வேணும்னு கேட்டாரு."

"நீங்கதானா இல்லையா?"

"நாங்கதான்."

வேலை முடிந்தது. அலுவலர் அம்மா எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தார். டர்போ அங்கேயே கணினியை மூடியிருக்கலாம். ஆனால் இறக்கிய ஃபைலைக் கடைசி வரிசைவரை பார்க்காமல் மூடுவது அவருக்கு ஆகாது. கீழே நகர்த்திக்கொண்டே போனார்.

தண்ணீர்ச்சூடு வரிசை வந்தது. நூறு. நூறு. நூறு. நூறு. நூறு.

கம்பெனி ஒருநாளும் அப்படிப் போட்டு அனுப்பாது. கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த இடமே தெரியாது. கேபிளைப் பிடுங்கிய கை டர்போவுக்கு நினைவு வந்தது. பானெட்டை அறைந்தது, சாவியை எறிந்தது எல்லாம் நினைவு வந்தன. அந்த வரிசையைத் திருப்பி எழுதியது மட்டும் நினைவு வரவில்லை, ஏனென்றால் எழுதவில்லை. அது இருந்திருந்தால், இருபது சதவீதத்தை ஏற்றிய மடையனையும் மீறி, அந்த வளைவில் டீசல் பாதியாக வெட்டப்பட்டு வண்டி திணறி நின்றிருக்கும். பிஸ்டன் பிழைத்திருக்கும்.

அறையில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வரிசைக்கு நகர்த்த ஒரு விரல் போதும்.

ஒரு நொடி போனது. டர்போ எழுந்து கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"புகைக் கட்டுப்பாட்டை எடுத்தியே, உனக்கு வெட்கமா இல்ல? மூணு வேளை சோறு திங்கிறவன் செய்ற வேலையா இது? காபி மெஷினை வச்சுட்டா நீ மெக்கானிக்கா? உன் கடையில இருக்கிற கண்ணாடி அத்தனையையும்..."

"சார், அதான் ஒத்துக்கிட்டேனே..."

"ஒத்துக்கிட்டா? ஒத்துக்கிட்டா ஆச்சா? எத்தனை வண்டியை இப்படிக் கெடுத்தே? சொல்லு! எத்தனை வண்டி?"

மேஜை அதிர்ந்தது. அலுவலர் அம்மா பேனாவை வைத்துவிட்டு உட்காருங்கள் என்றார். டர்போவின் காதில் விழவில்லை. அப்போதுதான் தங்கை பேசினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அண்ணா. நீ ஜெயிச்சுட்ட. இப்ப எதுக்குக் கத்துற?"

டர்போ அவளைப் பார்த்தார்.

"சின்ன வயசுல என் சைக்கிளை உடைச்சுட்டு, தெருவுல இருக்கிற பசங்களையெல்லாம் நிக்கவச்சுத் திட்டினே இல்ல? அதே மாதிரி கத்துற. என்ன பண்ணே?"

மின்விசிறி இரண்டு முறை முனகியது. டர்போ உட்கார்ந்தார். திரையில் அந்த வரிசையைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னோடது."

என்னவென்று விளக்கினார். சோதனைக்காகச் சமமாக்கியது, சண்டை வந்தது, திருப்பிப் போடாமல் அனுப்பியது. சொல்லச்சொல்லக் குரல் இறங்கியது.

"பாத்தீங்களா மேடம்! நான் அப்பவே சொன்னேன்!" கண்ணாடிக் கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"நீ சொன்னது இது இல்ல," என்றார் டர்போ. "உன் இருபது பர்சென்ட் அங்கதான் இருக்கு. உட்காரு."

மாப்பிள்ளை சுவரை விட்டு வந்தார். அந்த மனிதர் கோபப்பட்டு அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அப்ப பிப்ரவரியிலேருந்தே இது இல்லையா?"

"இல்ல."

"ஸ்கூல் லீவுல பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மூணு தடவை அந்த மலையில போனேன் மச்சான். பின்சீட்ல தூங்கிட்டு வந்தாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு, நீங்க என் வண்டியை இப்படி அனுப்புனீங்களா?"

"தெரிஞ்சு அனுப்பல மாப்ள."

"தெரியலைன்னுதான் நானும் அன்னைக்கு சொன்னேன். அதுக்குத்தானே அந்தக் குதி குதிச்சீங்க!"

கத்துவதற்கு ஆள் தேடி டர்போவின் பார்வை அறையைச் சுற்றியது, யாரும் மிஞ்சவில்லை. அலுவலர் அம்மா புகாரின் கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல ஒரு பதிவு எண்தான் எழுதியிருக்கீங்க."

டர்போ பேனாவை வாங்கி, அதன்கீழே 4 என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாள் கிழியாதது அதிசயம்.

ஆகஸ்ட் முழுக்க அவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பழைய வண்டி உடைக்கிற இடங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மழையில் நனையாத ஓர் என்ஜினைத் தேடிப் பிடித்தார். அதுதான் அந்த 2,300, அவர் கையிலிருந்து போனது. அடுத்த வரி, அதை மாட்டிய கூலி. மாட்டுகிற இரண்டு நாளும் மாப்பிள்ளை வந்து கூட நின்றார். கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்; கேட்காத வார்த்தையைக் கொடுக்கவில்லை. போல்ட் ஒன்று இறங்காமல் அடம்பிடித்தபோது டர்போ அதன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். மாப்பிள்ளையின் வாயோரம் லேசாக அசைந்தது. உடனே இழுத்து மூடிக்கொண்டார்.

கடைசியில் பெட்டிக்குள் கம்பெனி எண்களையே எழுதினார். ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை. தண்ணீர்ச்சூடு வரிசையைத் திரையில் வைத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பாருங்க. நூறு, எண்பத்தஞ்சு, எழுபது, அம்பது, முப்பது. நீங்களே வாய்விட்டுப் படிங்க."

மாப்பிள்ளை படித்தார். பிறகு, "பழைய மாதிரி மலையில இழுக்காதுல்ல?" என்றார்.

"இழுக்காது. ரெண்டாவது கியர்ல போங்க."

"சரி." சாவியை டர்போவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னா உங்க தங்கச்சி. வாங்க. என்கிட்ட மட்டும் பேச்சு வச்சுக்காதீங்க, கொஞ்ச நாளைக்கு."

டர்போ போனார். குழம்பு ஊற்றும்போது மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. அதனாலேயே டர்போ, உப்பு கூடிவிட்டது என்று தங்கையோடு சண்டை பிடித்தார்.

அலுவலகத்தின் முடிவு கடிதமாக வந்தபோது தங்கை கொட்டகையில்தான் இருந்தாள், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தவள். டர்போ நின்றபடியே படித்தார். முகம் சிவந்தது.

"மூணு மாசம் பதிவு நிறுத்தமாம்! புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கிப் போட்டவனுக்கு மூணே மாசம். இவங்களுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?"

"உனக்கு?"

"ஒரு வருஷம்."

"அது உனக்கு சரியாப் படுதா?"

"எனக்குப் போட்டது சரிதான். அவனுக்குப் போட்டதுதான் தப்பு. வண்டி நிறத்தை வேற வெள்ளைன்னு எழுதியிருக்காங்க. பின்கதவை மட்டும் பார்த்துட்டு எழுதினாங்களா?"

தங்கை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டர்போ கேபிளைச் சுருட்டி, சார்ஜரோடு பெட்டியில் போட்டுப் பூட்டினார். வாசலில் புகை கேட்டு வந்து நின்ற ஒருவனை, அடுத்த வருஷம் வா, அப்பவும் மாட்டேன் என்று விரட்டினார். பிறகு மறுபடி உட்கார்ந்து, கடிதத்தில் இருந்த நிறப்பிழையை அடித்துத் திருத்தி, எந்தத் தாள் வந்தாலும் செய்கிறபடி அது வந்த தேதியை மேல் மூலையில் போட்டார்: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.